வளர்ந்த பிறகும் ஆட்டிசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், என் பதில்கள்

எனக்கு ஆட்டிசம், அதாவது உலகத்தை உணர்வதிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் மூளை வேறு விதமாக வேலை செய்கிற நிலை. ஓட்டுப் போடும் வயதைத் தாண்டி ரொம்பக் காலமாகிவிட்டது. சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள், அறிமுகமாகிப் பத்து நிமிடமே ஆனவர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் இதைப் படித்த பிறகும் நேரில் தாராளமாகக் கேட்கலாம்.

ஆட்டிசம் குழந்தைகளுக்குத்தானே வரும்? பெரியவர்களுக்கும் வருமா?

அது இடையில் வந்து ஒட்டிக்கொள்வது கிடையாது, பிறக்கும்போதே இருப்பது. குழந்தை வளரும்போது அதுவும் கூடவே வளரும். 1943இல் லியோ கானர் என்கிற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசத்தின் கதையைத் தொடங்குவார்கள் (அதற்கும் முன்பே, 1920களில், குருன்யா சுகரேவா என்கிற சோவியத் மருத்துவர் ஆறு பையன்களைக் கவனித்து ஏறக்குறைய இதே விஷயங்களை எழுதிவிட்டார், அவர் பெயரை அதிகம் பேர் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு). கானரின் கட்டுரையில் முதலில் வரும் பையனின் பெயர் டொனால்ட் ட்ரிப்லெட். அவர் வளர்ந்தார், வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகச் சுற்றினார், 2023இல் தன் 89ஆம் வயதில் காலமானார். கட்டுரையில் குழந்தையாகவே நின்றுவிட்ட அந்தப் பையன் வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பெரியவராகத்தான் கழித்தார். உலகத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர் ஆட்டிச நிலையாளர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள், பேருந்தில் உங்கள் பக்கத்தில் ஜன்னலோரமாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

பிறந்ததிலிருந்தே இருந்தது என்றால் இவ்வளவு காலம் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

தேடியவர்கள் வேறு மாதிரி ஆளைத் தேடினார்கள். ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெரும்பாலும் சின்னப் பையன்களைப் பார்த்து எழுதப்பட்டவை. பெண் பிள்ளைகள், நன்றாகப் பேசுகிறவர்கள், மார்க் வாங்குகிறவர்கள், வகுப்பில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கண்ணில் படாமலே பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்தோம். 2013 வரை அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு ஒரே ஆளுக்கு ஆட்டிசத்தையும் ஏடிஹெச்டியையும் (கவனச்சிதறலும் அதீத துறுதுறுப்பும் இருக்கும் நிலை) சேர்த்து எழுத அனுமதிக்கவில்லை. இரண்டும் சேர்ந்திருப்பது ரொம்ப சகஜம் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். சத்தம், வெளிச்சம், தொடுகை இவற்றை வேறு விதமாக உணர்வது அந்தக் கையேட்டின் அடையாளப் பட்டியலில் சேர்ந்ததும் அதே 2013இல்தான்.

அதுவரை எங்களுக்கு வேறு பெயர்கள் வைத்தார்கள். கூச்சம், திமிர், பிடிவாதம், "அறிவு இருக்கு, உலகம் தெரியலை". என்னைப் பற்றி ஓர் ஆசிரியர் "கவனமே இல்லை" என்று எழுதிய அதே வருடம் இன்னோர் ஆசிரியர் "ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதையே கவனித்துக்கொண்டிருக்கிறது" என்று எழுதினார். இரண்டு பேருமே சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தான் ஆளில்லை.

உங்களைப் பார்த்தால் ஆட்டிசம் மாதிரி தெரியவே இல்லையே?

இதைப் பாராட்டாகச் சொல்கிறீர்கள் என்று தெரியும். அந்தப் பாராட்டுக்கு நான் எவ்வளவு செலவழிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக ஒருவர் என்னிடம் பேச வரும்போது எனக்குள் ஓடுவது இது: கண்ணைப் பார், ரொம்ப நேரம் பார்க்காதே, கொஞ்சம் புருவத்துக்கு மேலே பார், இப்போது தலையாட்டு, அவர் குரல் ஏறுகிறது, சிரிக்கிற இடம் வரப்போகிறது, சிரி, போதும், கை எங்கே இருக்கிறது, கையை எங்கே வைப்பது. இவ்வளவும் கச்சிதமாக நடந்து முடிந்திருக்கும், அதற்குள் அவர் தன் பெயரைச் சொல்லி முடித்திருப்பார், அது மட்டும் என் காதில் விழுந்திருக்காது. இதற்கு மாஸ்கிங் என்று பெயர். அளவு சின்னதான செருப்பைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடப்பது மாதிரி அது, பார்க்கிறவருக்குச் செருப்பு அழகாக இருக்கும், நடையும் சரியாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்து கழற்றும்போதுதான் காலின் நிலை தெரியும். அதிகமாக மாஸ்க் செய்கிறவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. அதை ஆய்வில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை, "அப்பாடா, எழுதி வச்சிருக்காங்க" என்றுதான் தோன்றியது.

இயல்பாகத் தெரிவது ஒரு வேலை, இயல்பாக இருப்பது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற தெம்பு எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. இப்போது எனக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் மீதி இருக்கிற பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அந்த முடிவிலிருந்து வருபவைதான்.

எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டிசம் இருக்கத்தானே செய்யும்?

இல்லை. சத்தம் பிடிக்காதவர், கூட்டம் பிடிக்காதவர், அலமாரியை நிறவாரியாக அடுக்குகிறவர் எல்லா இடத்திலும் உண்டு. ஆட்டிசம் என்பது பல விஷயங்கள் ஒன்றாக, சின்ன வயதிலிருந்தே, வாழ்க்கையின் எல்லா அறைகளிலும் இருப்பது. ஆறுதலாகச் சொல்கிறீர்கள், புரிகிறது. அதைவிட "எது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் எனக்கு இன்னும் ஆறுதலாக இருக்கும்.

பேசும்போது ஏன் கண்ணைப் பார்ப்பதில்லை?

உங்களைப் பார்க்கவும் முடியும், நீங்கள் சொல்வதைக் கேட்கவும் முடியும். ஒரே நேரத்தில் இரண்டும் கஷ்டம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் சொல்வது ஒரு வார்த்தை விடாமல் உள்ளே போகிறது என்று அர்த்தம், அந்தச் சுவர் மேல் பொறாமைப்பட வேண்டாம்.

சாதாரணமாக "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால்கூடத் தடுமாறுகிறீர்களே?

அது ஒரு நல்ல கேள்வி, அதனால்தான் யோசிக்கிறேன்! எப்படி இருக்கிறேன்? காலையிலிருந்தா, இந்த வாரமா, உடம்பா, மனசா? முதுகு கொஞ்சம் வலிக்கிறது, அதைச் சொல்லலாமா? இதற்குள் கேட்டவர் நான்கு அடி தள்ளிப் போயிருப்பார். அது வணக்கத்தின் இன்னொரு வடிவம், பதில் "நல்லா இருக்கேன், நீங்க?" என்று அறிவால் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பது எனக்கு இன்னும் பெரிய விஷயமாகவே படுகிறது. என்னிடம் நீங்கள் அதைக் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும், நான் உங்களிடம் கேட்டால் உண்மையான பதிலுக்காக நின்று காத்திருப்பேன். என் நண்பர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார், ஏதாவது மனசு சரியில்லை என்றால் முதலில் என்னைப் பார்க்கத்தான் வரத் தோன்றுகிறதாம், ஏனென்றால் "எப்படி இருக்க" என்று கேட்டுவிட்டு நகராமல் நிற்கிற ஆள் நான் ஒருத்தர்தானாம்.

போன் அடித்தால் எடுப்பதே இல்லையே?

யார், எதற்கு, எவ்வளவு நேரம் என்று எதுவும் தெரியாமல் திடீரென்று அடிக்கிறது. எடுத்தால் முகம் தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்போம், இரண்டு பேரும் "நீங்க சொல்லுங்க" என்று நிறுத்துவோம், அப்புறம் மறுபடியும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்போம். செய்தி அனுப்புங்கள், அன்பாகவும் விரிவாகவும் பதில் வரும். பேசித்தான் ஆகவேண்டும் என்றால் "நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன், இந்த விஷயமாக" என்று ஒரு வரி முன்கூட்டி எழுதிவிடுங்கள், மூன்று ஐம்பத்தெட்டுக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருப்பேன்.

சத்தமும் வெளிச்சமும் உண்மையிலேயே அவ்வளவு தொந்தரவா?

ஆமாம், இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. மற்றவர்களின் மூளை தேவையில்லாத சத்தங்களைக் கொஞ்ச நேரத்தில் பின்னால் தள்ளிவிடும். எனக்கு அது நடப்பதில்லை அல்லது தாமதமாக நடக்கிறது. நீங்கள் என்னோடு பேசிக்கொண்டிருக்கும் அறையில் ஃபிரிட்ஜின் ஹம், டியூப்லைட்டின் மெல்லிய ரீங்காரம், இரண்டு வீடு தள்ளி யாரோ நாற்காலியை இழுப்பது, என் சட்டைக் காலருக்குள் இருக்கும் லேபிள், எல்லாரும் உங்கள் குரலோடு சம உரிமை கேட்டு நிற்பார்கள். லேபிளைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதுவேன். மென்மையான துணியை நெய்து, அழகாகத் தைத்து, கழுத்தில் சரியாகப் படுகிற இடத்தில் ஒரு முரட்டு பிளாஸ்டிக் துண்டை வைத்துத் தைக்கிறார்கள், "மென்மையாகத் துவைக்கவும்" என்று அதில் எழுதியும் வைக்கிறார்கள்.

வேறு சிலருக்கு இது தலைகீழ். வலியோ குளிரோ பசியோ தாமதமாகத்தான் தெரியும், அழுத்தமான தொடுகையும் பலமான இசையும் தேடிப்போகத் தோன்றும். ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பதும் உண்டு. எனக்குச் சத்தம் சீக்கிரம் தெரிந்துவிடும், தாகம் தெரியவே தெரியாது. அதனால் "தண்ணீர் குடி" என்று அலாரம் வைத்திருக்கிறேன், மெதுவான மணியோசையோடு.

இதில் சுயமாக ஏற்றுக்கொள்வது என்பது பெரிய தத்துவம் எல்லாம் இல்லை, கத்தரிக்கோலை எடுத்து லேபிளை வெட்டுவதுதான். காதில் வைக்க ஃபோம் அடைப்பான், வீட்டில் மஞ்சள் விளக்கு, கடைக்குக் கூட்டம் இல்லாத நேரம், பிடித்த ஒரே மாதிரிச் சட்டையில் பல. "பழகினா சரியாயிடும்" என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் எதுவும் பழகவில்லை, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேச்சில்லாமல் படுத்திருந்தேன். இப்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு போகிறேன், திரும்பி வந்து பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறேன்.

கையை ஏன் அப்படி ஆட்டுகிறீர்கள்?

சந்தோஷமாக இருக்கிறேன்! என் உடம்பு நல்ல செய்தியை முகத்துக்கு முன்பே கைகளுக்குச் சொல்லிவிடும். இதற்கு ஸ்டிம்மிங் என்று பெயர். முன்னும் பின்னும் ஆடுவது, விரலைச் சுழற்றுவது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது, ஒரு வார்த்தையின் ஓசை பிடித்துப்போய் அதையே சொல்லிக்கொண்டிருப்பது எல்லாம் இதில் சேரும். பதற்றத்தைக் குறைக்கவும் உதவும், சந்தோஷத்தைக் கொட்டவும் உதவும். மீட்டிங்கில் பேனாவை டிக் டிக் என்று அழுத்துகிறவரும் இதைத்தான் செய்கிறார், அவருடையது ஊர் ஒப்புக்கொண்ட அசைவு. தன்னைக் காயப்படுத்துகிற விதமாக இருந்தால் அப்போது உதவி வேண்டும், என்ன தாங்கமுடியாமல் அப்படி நடக்கிறது என்று பார்க்கவேண்டும், பாதுகாப்பான வேறோர் அசைவைக் கண்டுபிடிக்கவேண்டும். மற்றபடி கையை ஆட்டுகிற ஒரு குழந்தையிடம் "கையைக் கட்டு" என்று சொல்லாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

ஒரே விஷயத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவது உங்களுக்கே அலுக்காதா?

எனக்கு லிஃப்ட் பிடிக்கும். 1854இல் எலிஷா ஓட்டிஸ் என்கிற மனிதர் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் உயரமான மேடை மேல் ஏறி நின்றுகொண்டு, அந்த மேடையைத் தாங்கியிருந்த கயிற்றை எல்லார் முன்னாலும் வெட்டச் சொன்னார். கயிறு அறுந்தது, மேடை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றது, ஏனென்றால் கயிற்றின் இழுவிசை போனதும் தானாகப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் தடுப்பை அவர் செய்துவைத்திருந்தார். மூன்று வருடம் கழித்து, 1857இல், நியூயார்க் கடை ஒன்றில் மக்கள் ஏறுவதற்கான அவருடைய முதல் லிஃப்ட் வந்தது. அதற்குப் பிறகுதான் உயரமான கட்டடங்களில் மேல்மாடி என்பது ஏற முடியாத மூலையாக இருந்த நிலை மாறி, வசதியானவர்கள் தேடிப் போகும் இடமாயிற்று. இதெல்லாம் எழுதும்போதே எனக்குக் கை ஆடுகிறது. அலுப்பா!

டைனா மர்ரே முதலான ஆய்வாளர்கள் சிலர் 2005இல் இதைப் பற்றி ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஆட்டிச மூளையின் கவனம் ஒரு சமயத்தில் சில விஷயங்களில் மட்டும் முழுசாக, ஆழமாகப் பாயும், பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவாது என்பது அதன் சாரம். எனக்கு இந்த விளக்கம் ரொம்பப் பொருந்துகிறது. இடையில் கூப்பிட்டால் திடுக்கிடுவது ஏன், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற இவ்வளவு நேரம் ஆவது ஏன், பிடித்த வேலையில் சாப்பாடு மறந்துபோவது ஏன் எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது. நேரம் போதவில்லை என்றால் "இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்ப்பது, பையை எடுத்துத் தோளில் மாட்டுவது, வாசல் பக்கம் மெல்ல நகர்வது எல்லாம் லிஃப்டின் எடைச்சமன் பற்றி நான் பேசும்போது என் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆட்டிசம் இருப்பவர்களுக்கு அடுத்தவர் உணர்ச்சி புரியாதாமே?

இந்தக் கேள்வியில்தான் நான் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களில் நிறைய பேருக்கு அடுத்தவர் வேதனை தாங்கமுடியாத அளவுக்குத் தெரியும். ஆனால் அதைக் காட்டும் விதம் வேறாக இருக்கும். நீங்கள் அழுதால் சிலர் அணைத்துக்கொள்வார்கள், நான் "எந்த ஃபாரம் நிரப்பணும், கொடுங்க" என்று கேட்பேன், அல்லது எனக்கு நடந்த ஒரு கஷ்டத்தைச் சொல்வேன். பேச்சை என் பக்கம் இழுக்கிறேன் என்று தோன்றும், உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிற என் வழி அது.

டேமியன் மில்டன் என்கிற ஆய்வாளர், அவரும் ஆட்டிச நிலையாளர், 2012இல் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார். இரண்டு விதமான மனிதர்கள் சந்திக்கும்போது புரிதல் உடைந்தால் அதற்கு ஏன் ஒருவரை மட்டும் காரணம் சொல்கிறோம்? ஆட்டிசம் இல்லாதவர்களும் எங்களைத் தப்பாகத்தானே படிக்கிறார்கள்? பிறகு 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் செய்த ஓர் ஆய்வு. எட்டெட்டுப் பேராக வரிசை அமைத்து, முதல் ஆளுக்கு ஒரு கதை சொல்லி, அதை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். எல்லாரும் ஆட்டிச நிலையாளராக இருந்த வரிசையிலும், எல்லாரும் ஆட்டிசம் இல்லாதவராக இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவு நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு வகையினரையும் கலந்த வரிசையில்தான் அதிகமாகச் சிதறியது. இதைப் படித்த அன்று வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன், உட்கார முடியவில்லை. எங்களுக்குப் பேசத் தெரியாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். எங்களுக்குள் நாங்கள் பிரமாதமாகப் பேசிக்கொள்கிறோம்!

இன்னொன்று, சொந்த உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது எங்களில் பலருக்கு, ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சிரமம். நெஞ்சு படபடக்கிறது, வயிறு இறுகுகிறது, இது கோபமா பயமா பசியா என்று தெரியாது. முதலில் எதையாவது சாப்பிட்டுப் பார்ப்பேன். போய்விட்டால் பசி. போகவில்லை என்றால் இரண்டு நாள் பொறுத்து, வேறெதையோ செய்துகொண்டிருக்கும்போது, "ஓ, அன்னிக்கு எனக்குக் கோபம் வந்திருக்கு" என்று தெரியவரும்.

சில சமயம் வெடித்துவிடுகிறீர்கள், சில சமயம் பேச்சே வருவதில்லை. அது என்ன?

முதலாவது மெல்ட்டவுன், இரண்டாவது ஷட்டவுன். இரண்டும் தாங்கும் அளவு தாண்டியதும் உடம்பு செய்வது. அடம் பிடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அடம் என்பது ஏதோ ஒன்று வேண்டும் என்பதற்காக, மெல்ட்டவுனில் எதுவுமே வேண்டாம், எல்லாம் நிற்கவேண்டும். பக்கத்தில் இருந்தால் விளக்கை அணையுங்கள், கேள்வி கேட்காதீர்கள், அறிவுரை வேண்டாம், மற்றவர்களை வெளியே அனுப்புங்கள், கேட்காமல் தொடாதீர்கள். அப்புறம் நான் வந்து பேசுவேன். மாதக்கணக்கில் அளவு தாண்டிக்கொண்டே போனால் வருவது பர்ன்அவுட். முன்பு முடிந்த விஷயங்கள்கூட முடியாமல் போகும், அதற்கு வார இறுதி ஓய்வு போதாது, சுமையையே குறைக்கவேண்டும்.

குளிக்கப் போக ஏன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

உங்களுக்குக் "குளியல்" என்பது ஒரு வேலை. எனக்கு எழுந்திருப்பது, துண்டைத் தேடுவது, உடையைக் கழற்றுவது, குளிர்வது, தண்ணீர் சரியான சூட்டுக்கு வரும்வரை நிற்பது, நனைவது, பிறகு ஈரத்தோடு வெளியே வருவது என்று ஒவ்வொன்றும் தனித்தனி வேலை, நடுவில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்வு மாற்றம். உள்ளே போய்விட்டால் வெளியே வர மனசு வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் சோம்பல் என்று நினைத்துத் திட்டிக்கொள்வதை நிறுத்தியதில் ஒரு பெரிய சுமை இறங்கியது, மிச்சமான தெம்பு நேராகக் குளியலறைக்குப் போகிறது.

எனக்கு உதவுவது: இன்னோர் ஆள் கூட இருப்பது. ஒரு தோழியும் நானும் வீடியோ காலில் வருவோம், அவள் துணி மடிப்பாள், நான் மேசையை ஒழுங்குபடுத்துவேன், ஒரு வார்த்தை பேசமாட்டோம், முடிந்ததும் கையசைத்துவிட்டு வைத்துவிடுவோம். இதைவிட நல்ல நட்பு எனக்குத் தெரியாது.

காதல், கல்யாணம் எல்லாம் உண்டா?

உண்டு. வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு, மற்ற எல்லாரையும் போலவே. எங்கள் வீட்டில் ஒருநாள் என் துணை "இங்கே கொஞ்சம் குளிருதுல்ல?" என்றார். "ஆமா, குளிருது" என்றேன். இரண்டு பேரும் நெடுநேரம் குளிரில் உட்கார்ந்திருந்தோம், ஒருவரை ஒருவர் ரொம்பப் புரிந்துகொண்ட திருப்தியோடு. ஜன்னலை மூடச் சொன்னார் என்பது அப்புறம்தான் பேச்சில் வந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஓர் ஒப்பந்தம் போட்டோம், வேண்டியதை வேண்டியபடியே கேட்பது என்று. "ஜன்னலை மூடு." "இன்னிக்குப் பேச வேண்டாம், பக்கத்துல மட்டும் இரு." "கோபம் இல்லை, களைப்பு." இப்படி நேராகப் பேசுவதில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்று அவருக்கே பிறகுதான் தெரிந்தது, இப்போது தன் அலுவலகத்திலும் அப்படித்தான் பேசுகிறாராம்.

இது எதனால் வருகிறது? தடுப்பூசியா, வளர்ப்பா?

இரண்டும் இல்லை. பெரும்பகுதி மரபணு. ஐந்து நாடுகளின் தரவை வைத்து 2019இல் வந்த ஆய்வு, ஆட்டிசத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபுவழி என்று கணக்கிட்டது. அம்மாவின் பாசம் குறைந்ததால் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள், எத்தனையோ தாய்மார்கள் அதைச் சுமந்தே வாழ்ந்து முடித்தார்கள். 1977இல் வந்த இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டியது. தடுப்பூசிக் கதை 1998இல், 12 குழந்தைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்கியது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளை வைத்துப் பார்த்ததில் தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே இல்லை. என்னைப் போன்ற ஒரு பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தட்டம்மையே பரவாயில்லை என்று யாராவது முடிவெடுப்பதைக் கேட்கும்போது எனக்கு வலிக்கும். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குணப்படுத்தும் மாத்திரை கிடைத்தால் சாப்பிடுவீர்களா?

அப்படி ஒரு மாத்திரை இல்லை, விற்கிறவர்களை நம்பாதீர்கள். கூடவே வரும் பதற்றம், தூக்கமின்மை, வலிப்பு இவற்றுக்கு மருத்துவம் உண்டு, அதை அவசியம் பாருங்கள். மாத்திரை இருந்தாலும் நான் சாப்பிடமாட்டேன். என்னிலிருந்து ஆட்டிசத்தை எடுத்தால் லிஃப்டும் போகும், நகராமல் நிற்கிற அந்த "எப்படி இருக்க"வும் போகும், பிறகு வந்து உட்காருகிற ஆள் யார் என்று எனக்குத் தெரியாது, என் துணைக்கும் தெரியாது. எனக்குக் கஷ்டமான நாட்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைக் குறைக்க ஒரு அமைதியான அறையும், எழுத்தில் வந்த ஒரு நிகழ்ச்சி நிரலும் போதும்.

இது என் பதில். வேறு பதில் சொல்கிற ஆட்டிச நிலையாளர்களையும் எனக்குத் தெரியும், அவர்களோடு வாதாட எனக்கு உரிமை இல்லை.

பேசவே முடியாதவர்கள், நாள் முழுக்க உதவி வேண்டியவர்கள் இருக்கிறார்களே? அவர்கள் சார்பில் நீங்கள் எப்படிப் பேசலாம்?

அவர்கள் சார்பில் பேசவில்லை, அவர்களோடு ஒரே பக்கம் நிற்கிறேன். எனக்கு வேண்டிய உதவியும் அவர்களுக்கு வேண்டிய உதவியும் ஒன்றில்லை. வாய்ப்பேச்சு இல்லாதவர்களில் பலர் படங்களைத் தொட்டோ, டேப்லெட்டில் தட்டியோ தங்களுக்கு வேண்டியதைத் தெளிவாகவே சொல்கிறார்கள், அந்தக் கருவி கைக்குக் கிடைக்கவேண்டும், கிடைத்த பிறகு எதிரில் இருப்பவர் பொறுமையாகக் காத்திருக்கவேண்டும். ஒருவர் பேசவில்லை என்பதால் அவருக்கு எதுவும் புரியவில்லை என்று அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுவதை முதலில் நிறுத்தவேண்டும்.

வேலை செய்யும் இடத்தில் சொல்லலாமா?

இடத்தைப் பொறுத்து. எல்லா இடமும் பாதுகாப்பானது என்று பொய் சொல்லமாட்டேன். பெயரைச் சொல்லாமலே தேவையைக் கேட்கலாம்: "எழுத்தில் அனுப்பினால் எனக்கு வேலை சீக்கிரம் முடியும்", "ஓரமான இருக்கை கிடைக்குமா", "மீட்டிங்கில் எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று முதல் நாளே தெரிந்தால் நல்லது". நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில் இதைக் கேட்டுப் பெற்ற பிறகு மற்ற எல்லாருமே "எங்களுக்கும் முதல் நாளே அனுப்புங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள், மீட்டிங்குகள் பாதி நேரத்தில் முடிந்தன. என் வாழ்க்கையில் நான் அதிகப் பிரபலமாக இருந்த காலம் அது.

இதையெல்லாம் படித்தால் எனக்கும் இருக்குமோ என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

முதலில், வாங்க. நல்ல கூட்டம் இது.

அவசரம் ஒன்றும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களை நிரப்பிப் பார்க்கலாம், அவை முடிவு சொல்லாது, மேற்கொண்டு பார்க்கலாமா என்று யோசிக்க உதவும். "நான் சிறுகதை படிப்பதைவிடத் தகவல் படிப்பதை விரும்புகிறேன்" மாதிரியான வரிகளுக்கு "எந்தச் சிறுகதை? எந்தத் தகவல்?" என்று ஓரத்தில் எழுதத் தோன்றினால் கவலை வேண்டாம், அந்த உந்துதல் எங்கள் எல்லாருக்கும் வரும். மற்ற ஆட்டிசப் பெரியவர்கள் எழுதியதைப் படியுங்கள். பெரியவர்களைப் பார்த்துப் பழகிய உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ முறையான மதிப்பீடு செய்துகொள்ளலாம். உங்கள் சின்ன வயதைப் பற்றிக் கேட்பார்கள், அதனால் பழைய பள்ளி அறிக்கைகளைத் தேடி எடுங்கள், உங்களை வளர்த்தவர்களிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள், நேரில் கேட்கும்போது எல்லாம் மறந்துபோகும் என்பதால் உதாரணங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை பக்கம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

மதிப்பீடு எல்லாருக்கும் எட்டுவது இல்லை, பணம், தூரம், காத்திருப்பு எல்லாம் குறுக்கே நிற்கும். கிடைக்கும்வரை லேபிளை வெட்டலாம், ஹெட்போன் மாட்டலாம், கையை ஆட்டலாம், இதற்கெல்லாம் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துவிட்டீர்கள் என்றால், காத்திருக்கும் அறையில் கூட்டம் எப்படி இருக்கும், விளக்கு எப்படி, எவ்வளவு நேரம் ஆகும், கூட ஒருவர் வரலாமா என்று முன்கூட்டியே செய்தி அனுப்பிக் கேட்டுவையுங்கள். பதில் வந்தால் அதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.